பாதி ஓவர்டேக்கில்

லாரியைத் தாண்ட வலது பக்கம் ஏறி, அதன் பாதி நீளத்துக்கு வந்திருந்தேன். எதிரே கோவையிலிருந்து வரும் பஸ். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தும் வண்டி போகவில்லை. யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி வேகம் இறங்கியது. பிரேக்கை அழுத்தி லாரிக்குப் பின்னால் நுழைந்தேன். பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு உரசுகிற தூரத்தில் போனது.

பின்சீட்டில் மாமனார் இருந்தார். சிறுநீரகம் இரண்டும் பழுதானவர். அவரைத் திருப்பூரிலிருந்து கோவை ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது என் வேலை. முன்பு எங்கள் பனியன் கம்பெனி டிரைவர்தான் போவார். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒருமுறை ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டதில், முகமெல்லாம் வீங்கி மூச்சுத் திணறிப்போனார் மனிதர். அதற்குப் பிறகு நானே சாவியை எடுத்துக்கொண்டேன்.

அன்று பஸ் போனதும் ஓரமாக நிறுத்தி, ஆஃப் செய்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் வண்டி ஒன்றும் தெரியாத பிள்ளை போல ஓடியது. ஊர் திரும்பியதும், வீரபாண்டியில் இருக்கிற மெக்கானிக் வண்டியில் ஒரு சுற்றுப் போய் வந்து, "ஏர் ஃபில்டர்ல பஞ்சுங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்றார். எங்கள் ஊரில் எது கெட்டாலும் முதல் குற்றவாளி பஞ்சுதான். கம்பெனி வாசலில் நிற்கிற வண்டிக்குள் பஞ்சு போகத்தான் செய்யும், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஃபில்டரைக் கழற்றி, பனியன்மேல் ஒட்டிய தூசியை ஊதுகிற ஏர் கன்னாலேயே சுத்தமாக ஊதி மாட்டினேன். அடுத்த பயணத்தில், தெக்கலூர் பக்கம், மறுபடி அதே கதை.

"நான் ஓட்டும்போது மட்டும் ஏன் அப்படிப் பண்றதில்ல?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

இவர் ஓட்டுவதெல்லாம் வீட்டிலிருந்து காதர்பேட்டை வரைக்கும். அந்த நெரிசலில் இரண்டாவது கியரைத் தாண்டினாலே பெரிய விஷயம். "கிளச்சுல காலை வெச்சுட்டே ஓட்டுவே, அதான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கப்பாவையே கேளுங்க. கூடத்தான வந்தாரு."

மாமனார் சுவரைப் பார்த்தார். "நான் கண்ண மூடிட்டு இருந்தேன்ப்பா. எனக்கொண்ணும் தெரியல."

கண்ணை மூடியிருந்தாராம்! பஸ் நெருங்கியபோது என் தோளைப் பிடித்த பிடி எனக்கல்லவா தெரியும். ஓட்டத் தெரியாமல் வண்டிமேல் பழி போடுகிற மருமகளாக நான் நின்றேன்.

அடுத்த முறை சாவியை வீட்டுக்காரர் கையில் திணித்தேன். "இன்னிக்கு நீங்களே ஓட்டுங்க." வழியெல்லாம் அது நடக்க வேண்டும் என்றும் இருந்தது, நடந்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

கருமத்தம்பட்டி தாண்டி, குறுக்கு வழியாகப் போகிற ஒற்றை ரோட்டில் ஒரு டேங்கர் லாரியை முந்த ஏறினார். எதிரே ஒரு வேன். சொல்லிவைத்த மாதிரி புல்லிங் செத்தது. "ஏய், ஏய்" என்று அவர் வண்டியைத் திட்ட, "பிரேக்குங்க, பிரேக்கு!" என்று நான் கத்தினேன். எப்படியோ டேங்கருக்குப் பின்னால் ஒதுங்கி ஓரத்தில் நின்றபோது அவர் கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"உனக்கும் இப்படியேதான் ஆச்சா?"

"இப்படியேதானுங்க."

மீதித் தூரம் யாரையும் முந்தாமல் போனோம். மாமனாரை டயாலிசிஸில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற ஒர்க் ஷாப்புக்குப் போனோம். வயரை மாட்டியதும் விஷயம் தெரிந்துவிட்டது. டர்போ இன்ஜினுக்குள் அமுக்குகிற காற்றை அளக்க ஒரு சென்சார் உண்டாம். சூடேறினால் அது தப்பாகக் காட்டியிருக்கிறது.

"காத்து சரியாத்தானுங்க போகுது. இது அளவுக்கு மேல போகுதுன்னு சொல்லுது. இன்ஜின் கெட்டுருமேன்னு கம்ப்யூட்டர் டீசலைக் கொறச்சுப்போடுது. ஆஃப் பண்ணுனா பழையபடி ஓடும், அதான் யாருக்கும் சிக்கல" என்றார் மெக்கானிக். கட்டைவிரல் அளவுதான் இருந்தது அந்தச் சனியன். புதியதை மாட்டினார். வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல், "நல்லவேளை" என்றார். அதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

திரும்பும்போது நான் ஓட்டினேன். வண்டி கேட்ட இடத்திலெல்லாம் இழுத்தது. வழியில் வீட்டுக்காரர் டீ குடிக்க இறங்கிய நேரம், பின்சீட்டிலிருந்து மாமனார் மெல்லக் கூப்பிட்டார்.

"அம்மிணி, அன்னிக்கு நான் கண்ண மூடல."

"தெரியுங்க மாமா. பின்ன ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வண்டி கோளாறுன்னா அவன் நிறுத்திப்போடுவான். அப்புறம் என்னை யாரு கூட்டிட்டுப் போறது?" ஊசி குத்திக் கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டார். "மூச்சுத் திணறி அப்படிக் கெடக்கறதுக்கு, பஸ்ஸுல அடிபட்டே போயிரலாம்னு இருந்துச்சு."

எனக்கு அழுகைதான் முதலில் வந்தது. கோபம் அதற்குப் பின்னாலேயே வந்தது.

"நானும்தான மாமா உள்ள இருந்தேன்?" என்றேன்.