பப்பாப்பழம் கொடுக்கக் கூடாத ஊர்

பொகோட்டாவில் நான் இன்னும் கால் வைக்கவில்லை. ஆனால் அங்கே போகிறவர்களுக்கு அறிவுரை சொல்ல ஜேர்மனியின் இந்த ஹம் நகரத்தில் என்னை விட்டால் ஆளில்லை. போய் இறங்கிய அன்று மலையேறப் புறப்படக் கூடாது. வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர்தானே என்று பருத்திச் சட்டைகளோடு போனால் நடுங்குவீர்கள். அது உயரத்தில் இருக்கிற ஊர், ஸ்வெட்டரும் குடையும் வேண்டும். தெருவில் கைகாட்டி டாக்சி பிடிக்கக் கூடாது, போனில் அழைத்துத்தான் ஏற வேண்டும். இவ்வளவும் நான் ஒரே நாளில் படித்த பாடம். அந்த நாளை நினைத்தால் இப்போதும் ஒரு பெருமூச்சு வருகிறது.

என் மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பல்கலைக்கழகப் படிப்பின் ஒரு பகுதியாகக் கொலம்பியாவின் அந்தத் தலைநகருக்கு அரை வருடம் போனாள். விமான நிலையத்தில் வைத்து என் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். வெறுங்கழுத்தோடு பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப மனம் வரவில்லை. வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

இங்கே கூடப் படிக்கிற ஒரு பெடியனோடு அவள் பழகுவது எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தேன். எனக்குத் தெரியும் என்பது தெரியாதது போல அவளும் இருந்தாள். அதனால் வீட்டில் சண்டை இல்லை.

அவள் போய்ச் சேர்ந்த கிழமையே ஒரு காலையில் அவளுடைய குரல்பதிவு வந்திருந்தது. நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து அதைக் கேட்டேன்.

"அம்மா, எனக்கு ஒரே தலைச்சுத்து. சத்தியும் எடுத்திட்டன். படி ஏற ஏலாமக் கிடக்கு. பயப்படாதேங்கோ, வாறதுதானாம். வீட்டுக்கார அம்மா நல்லவ, வடிவாப் பாக்கிறா. என்னைக் கண்ட உடன முதல் சொன்னதே பப்பாப்பழம் குடுக்கக் கூடாது எண்டுதான். இஞ்ச எல்லாரும் அதைத்தான் சொல்லினம். இனி நான் கவனமா இருக்கோணும்."

தலைச்சுற்று. வாந்தி. பப்பாப்பழம் கூடாது. ஒரு தமிழ்த் தாய்க்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா? பிள்ளைத்தாய்ச்சி பப்பாப்பழம் தின்றால் கரு தங்காது என்று கேட்டுத்தானே நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். கொலம்பியாக்காரிகளுக்கும் இது தெரிந்திருக்கிறதே என்று ஒரு கணம் வியந்தேன். அடுத்த கணம் இரத்தம் கொதித்தது.

பஸ்ஸால் இறங்கியதும் அழைத்தேன். அங்கே அவள் நித்திரை, எடுக்கவில்லை. நல்லகாலம். எடுத்திருந்தால் நான் பேசியிருக்கக்கூடிய பேச்சைப் பிறகு அள்ள முடியாது. உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, கோடையில் எங்கள் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவில் சந்திக்கப்போகிற முகங்களை ஒவ்வொன்றாக நினைத்தேன். வாயால் கேட்பவர்கள் யார், கண்ணால் கேட்பவர்கள் யார் என்று பிரித்தும் வைத்தேன். கிழங்கு உரித்து முடிய என் கோபமும் முடிந்துவிட்டது. அந்த இடத்துக்குப் பயம் வந்தது.

இடைவேளையில் பயண அறிவுரைப் பக்கங்களைத் தேடித் தேடி வாசித்தேன். காற்றில் ஒட்சிசன் குறைவு, கர்ப்பிணிகள் போவதற்கு முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும் என்று ஒன்றில் இருந்தது. முன்பின் தெரியாத ஊரில், மூச்சு முட்டிக்கொண்டு, கஞ்சி வைத்துக் கொடுக்க ஒரு ஆளில்லாமல் என் பிள்ளை. திரும்பத் திரும்ப அழைத்தேன். அங்கே விடிந்த பிறகும் அவள் எடுக்கவில்லை. நேரே சமையலறைப் பொறுப்பாளரிடம் போய் எனக்கு ஊர்லாப், அதாவது லீவு, வேண்டும் என்றேன். எப்போதிருந்து என்று கேட்டார். நாளையிலிருந்து என்றேன். என் முகத்தைப் பார்த்தவர் காரணம் கேட்கவில்லை, சரி என்றார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் குரல்பதிவை ஆறுதலாகக் கேட்டார்.

"இஞ்சரும், பப்பாப்பழம் சாப்பிடக் கூடாதெண்டு அந்த மனுசி சொல்லேல்லை. குடுக்கக் கூடாதெண்டெல்லே சொல்லியிருக்கு. பிள்ளை ஆருக்குக் குடுக்கப் போகுது?"

"உங்கட மகளின்ர தமிழ் உங்களுக்குத் தெரியாதோ? மாறிச் சொல்லியிருப்பாள்."

"நீர் மொட்டந்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறீர்."

அப்படிச் சொன்னவர்தான், எந்த விமானத்தில் இடமிருக்கிறது என்று பார்க்கக் கணினியைத் திறந்தார்.

அந்த நேரம் அவளே அழைத்தாள். "அம்மா, என்ன நடந்தது? அப்பாக்கு ஏதுமோ? இத்தினை தரம் எடுத்திருக்கிறீங்கள்!" தெருவில் போனை வெளியே எடுக்கக் கூடாது என்று வீட்டுக்கார அம்மா சொன்னாராம். அதனால் சத்தத்தை நிறுத்தி உள் பொக்கற்றில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய் வந்திருக்கிறாள்.

"பப்பாப்பழம்," என்றேன். "அது ஏன் கூடாதாம்?"

"அதோ? அது இஞ்சத்தைப் பழமொழி அம்மா. கள்ளனுக்கு இடம் குடுக்காதை எண்டு அர்த்தம். பழத்தை வெட்டி நீட்டினா ஆரும் எடுப்பினம்தானே? நீங்கள் போட்டுவிட்ட சங்கிலியைப் பாத்திட்டுத்தான் சொன்னவ. கழட்டிப் பெட்டிக்குள்ள வைச்சிட்டன்."

"அப்ப சத்தி?"

"அது இந்த ஊரின்ர உயரத்துக்கு. இப்ப சுகம்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் கூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. என்னத்துக்கு அப்பாடா என்று கேட்டாள். சொன்னேன். சிரித்தாள், சிரித்தாள், இருமல் வரும்வரை சிரித்தாள். போய் இறங்கிய முதல் கிழமையில் இப்படிச் சிரிப்பதும் மூச்சுக்குக் கூடாது போலிருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் கணவரும் பக்கத்தில் நின்று தன் பங்குக்குச் சொன்னார். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்.

பிறகு அவளுடைய சிரிப்பு நின்றது.

"உண்மையா அப்பிடி நினைச்சுத்தான் எடுத்தனீங்களோ? ஏசுறதுக்கோ?"

"முதல் தரம் எடுத்தது ஏசத்தான்," என்றேன். "பிறகு எடுத்ததெல்லாம் வாறன் எண்டு சொல்ல."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சும்மாவும் வரலாம்தானே அம்மா?" என்றாள்.