என் இலையில் மீதம் வைத்த சோறு

என் மனைவி தையல்நாயகியைச் சோறு கொன்றது. அந்தச் சோற்றை அவளுக்கு வைத்தவன் நான்.

இதைப் படிக்கும் உங்களுக்கு என் பெயர் தேவையில்லை. சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் குடியிருக்கிறேன். தஞ்சோங் பகார் துறையில் கிராணி உத்தியோகம். இறங்கும் சரக்கை எழுதிக்கொள்ளும் வேலை. எந்தக் கப்பல் எந்த நாளில் வந்தது, எந்த மழையில் எந்தத் தெரு மூழ்கியது என்று ஆண்டுவாரியாகக் குறித்து வைப்பதில் எனக்கு ஆசை. ஊர் நடப்பில் ஒன்றையும் விட்டவனல்லன். இதை மட்டும் இதுவரை எங்கும் எழுதவில்லை...

மின்சார டிராம் ஓடத் தொடங்கிய மறுவருடம், ஆவணி மாதம். தையல்நாயகிக்கு ஓயாத தாகம். பானையை நிரப்பி வைத்தால் மாலைக்குள் காலியாகும். கைவளை முழங்கை வரை ஏறி இறங்கியது. அவள் சிறுநீர் கழிக்கும் கொல்லைச் சாக்கடை ஓரத்தில் எறும்பு மொய்த்தது.

மதுமேகம்! நீரிழிவு என்று பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். படித்தவன் அல்லவா? வைத்திய நூல்களும் ஆங்கிலப் புத்தகங்களும் இரவல் வாங்கிப் படித்தவன்.

யாழ்ப்பாணத்து வைத்தியர் ஒருவரிடம் அழைத்துப் போனேன். அவர் அவளுடைய சிறுநீரைக் கண்ணாடிக் குழலில் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார். நீலம் மெல்ல மெல்லச் செங்கல் நிறமாயிற்று.

"சலரோகம். இதுக்கு மருந்தெண்டு ஒண்டும் இன்னும் இல்லை" என்றார். "வாயைக் கட்டுறதுதான் மருந்து. சோறு, சீனி, கிழங்கு, மூண்டையும் விடோணும். மீன், முட்டை, கீரை சாப்பிடுங்கோ. காலிலை காயம் படாமப் பாருங்கோ. கவனமா இருந்தால் கனகாலம் இருக்கலாம்."

கனகாலம் இருக்கலாம்! அந்தச் சொல்லைக் கேட்டு அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. நான் உண்டு எழுந்த இலையில்தான் அவள் உண்பாள். தனக்கென்று தனிச் சமையல் செய்துகொள்ள அவளுக்குக் கூச்சம்.

"புருஷன் சோறு திங்க, பொண்டாட்டி தனியா மீனும் முட்டையுமா திம்பா? நல்லாருக்குங்க நாயம்!" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அப்படியானால் நானும் சோற்றை விட்டுடறேன்."

"நீங்களா? விருந்து வீட்டுல அடுத்த இலைச் சோத்தையும் பாக்கற ஆளு நீங்க!"

"விட்டுடறேன், தையலு. சத்தியமா."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். என் சத்தியத்தை நம்பித்தான் அவள் பத்தியம் தொடங்கிற்று. இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

சீனர்கள் தெருவில் கூவி விற்கும் தவ்கு தெரியுமல்லவா, சோயா மொச்சையில் செய்த வெண்கட்டி? அதை உதிர்த்துக் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து என் இலையில் குவிப்பாள்.

"சீரகச் சம்பான்னு நெனச்சுக்குங்க."

"சீரகச் சம்பா கேட்டா அழும்."

"அழுதா அழட்டும். அதைத் தின்னா அழப்போறது நான்தானே!"

தை பிறந்தபோது எறும்பு இல்லை. தாகம் தணிந்தது. வளை மணிக்கட்டில் நின்றது. வைத்தியரின் குழலில் நீலம் நீலமாகவே இருந்தது. நோய் போகவில்லை, அடங்கியிருக்கிறது என்று அவர் எச்சரித்தார். அதையும் கேட்டேன்.

பங்குனியில் நான் சத்தியத்தை மீறினேன்.

துறைமுகத்தருகே காரைக்கால் மரைக்காயர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. ஒரு நாள் மதியம், வஞ்சிரமீன் குழம்பின் வாசனை... ஒரு நாள் என்றுதான் நுழைந்தேன். மறுநாளும் நுழைந்தேன். பிறகு வேலை நாள் எல்லாமே அப்படித்தான். கிராம்பை மென்றுவிட்டு வீடு திரும்புவேன். இரவில் தவ்கை இரண்டு வாய் கொறித்து, "பசியில்லை" என்பேன். அவள் என் தியாகத்தை எண்ணி வருந்துவாள். நான் மெலியவில்லையே என்று ஒருநாளும் கேட்கவில்லை. சந்தேகிக்கத் தெரியாதவளா? சந்தேகிக்க மனமில்லாதவளா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆனியில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தேன். மூன்றாம் நாள் வாசலில் மரைக்காயரின் குரல். கையில் தூக்குச்சட்டி.

"என்ன கிராணி ஐயா, கடைப் பக்கமே காணோம்? உங்க இடத்துல வேற ஆள உக்கார வைக்க மனசு வரல. அதான் சோறும் மீனாணமும் கொண்டாந்தேன்."

மீன்குழம்பு மணத்த சட்டியைத் தையல்நாயகி இரு கையாலும் வாங்கிக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏண்ணே, இவுக தினமும் வருவாகளா?"

"வேலை நாளு தவறாது, தங்கச்சி. ரெண்டாந்தரமும் சோறு கேட்டு வாங்குவாரே!"

"அடேயப்பா, ரெண்டாந்தரமா!" என்று அவள் சிரித்தாள். மரைக்காயரும் சிரித்தார். நல்ல மனிதர். தாம் செய்தது இன்னதென்று அவருக்குத் தெரியாது; நான் இன்றும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். சட்டியை என் தலைமாட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

காய்ச்சல் விட்ட அன்று அடுப்பில் உலை கொதிக்கும் சத்தம் கேட்டது. இலையில் வெள்ளைச் சோறு விழுந்தது. ஆவி பறந்தது.

"சாப்பிடுங்க. ஒளிஞ்சு திங்கறது என்னத்துக்கு?"

"உனக்கு?"

"எனக்கு எப்பவும் போலத்தான். உங்க இலை."

சொல்லுங்கள்... அந்த நேரத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? 'இதை எடு, தவ்கு போடு' என்றால் போதும். நான்கே சொற்கள். அவள் எடுத்திருப்பாள். அதற்குத்தான் அவள் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி, என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் பிசைந்தேன். உண்டேன். நோய்தான் அடங்கிவிட்டதே, கொஞ்சம் தின்றால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழும்போது வழக்கப்படி அவளுக்கென்று இலையில் ஒரு பங்கு மீதம் வைத்தேன்.

அவள் உட்கார்ந்தாள். அந்தச் சோற்றை மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் உண்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்! மறுநாளும். அதற்கு மறுநாளும்.

அடுத்த தையில் தாகம் திரும்பியது. எறும்பும் திரும்பியது. நான் கொல்லையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கழுவிவிட்டு அலுவலுக்குப் போனேன்.

சித்திரையில் கோயிலுக்கு வெறுங்காலில் போய் வந்தவள் நடந்த இடமெல்லாம் தரையில் சிவப்புத் தடம். பாதத்தில் ஓட்டுச்சில் ஏறியிருந்தது. "குத்துனதே தெரியலீங்க" என்றாள் வியப்போடு. புண் ஆறவில்லை. கருத்தது.

வைத்தியர் வீட்டுக்கே வந்தார். குழலைக் காய்ச்சினார். செங்கல் நிறத்தைப் பார்த்துப் புருவம் சுருக்கினார்.

"சோறு சாப்பிட்டவவோ?"

என்னைத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

"இல்லை" என்றேன்.

ஏன் சொன்னேன்? படித்தவன் என்று அவர் என்னை மதித்திருந்தார். அந்த மதிப்புக்காக! வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

"இல்லீங்க ஐயா, கீரையும் மீனுந்தான்" என்றாள் அவளும். என் பொய்க்குச் சாட்சி சொன்னாள்.

வைத்தியர் குழலைக் கழுவிப் பெட்டியில் வைத்தார். பிறகு என்னை வெளியே அழைத்தார்.

"பத்தியத்தாலை அடங்குமெண்டால் திரும்பவும் இறுக்கிப் பாக்கலாம் எண்டு நினைச்சன். பத்தியத்துக்குள்ளயே இப்பிடியெண்டால்... இனி நான் என்னத்தைச் செய்ய? ஆசைப்பட்டதைக் குடுங்கோ."

அப்போதாவது வாய் திறந்தேனா? படியிறங்கும் வரை அவர் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டேன். சொல்லவில்லை.

உள்ளே வந்ததும், "என்ன சொன்னாரு?" என்றாள்.

"ஆசைப்பட்டதைச் சாப்பிடலாமாம்."

"அப்ப தவ்கு வாங்கியாங்க" என்றாள். "நாம ரெண்டு பேரும் தின்னமே, அதுமாதிரி தாளிச்சு..."

வாங்கி வந்தேன். நானே தாளித்தேன், கடுகு கருகிவிட்டது. அவளால் இரண்டு வாய்க்குமேல் முடியவில்லை. மிச்சத்தை என் பக்கம் நகர்த்தினாள். தின்றேன்.

ஆடியில் போய்விட்டாள்.

வாய்க்கரிசி போடச் சொன்னார்கள். அரிசியை அள்ளி அவள் உதட்டில் வைத்தேன். எல்லாரும் அழுதார்கள், எனக்கு வரவில்லை. பந்தலுக்கு வெளியே மரைக்காயர் தொப்பி நனைய மழையில் நின்றார். அன்று மழை பெய்ததைக் குறித்து வைத்திருக்கிறேன். நகரின் மழைகளில் அதுவும் ஒன்று.

சில ஆண்டுகள் கழிந்துவிட்டன. இதைச் சொன்னால் பாரம் குறையும் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். குறையவில்லை. கூடவுமில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மரைக்காயர் கடையில் என் இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. இன்று மதியமும் போனேன். வஞ்சிரமீன் குழம்பு. இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கினேன். எழும்போது இலையில் ஒரு பங்கு மீதம் இருந்தது.