டானிக்கை யார் குடித்தது?

பாட்டில் பாட்டிலாக டானிக் வாங்குகிற வீட்டுக்காரி நடுத்தெருவில் மயங்கி விழுவாளா?

விழுந்தாள். லஸ் முனையில், பட்டப்பகலில், தலையில் மீன்கூடையோடு. கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். சங்கரா மீனெல்லாம் தார் ரோட்டில். பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டு நின்றது. டிரைவர் திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அப்படி வெளுத்திருந்தது.

இது நடந்தது மழைக்காலத்துக்கு முன்னால். மீதிக் கதை போன வாரம்தான் எனக்குக் கிடைத்தது. அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

விழுந்தவள் பிலோமினா. பட்டினப்பாக்கத்து மீன்காரி. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் மெட்ராஸில் வந்து இறங்கிய புதிதில், படுக்க இடமில்லாமல் கடற்கரையில் கட்டுமரத்தை ஒட்டிப் படுத்துக்கொள்வேன். ஒருநாள் வெயில் ஏறியும் நான் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல். "இன்னாது இது, கரை ஒதுங்கின பொணமா?" என்று காலால் தட்டிப் பார்த்தவள் இவள்தான். பொணம் முனகியதும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பழக்கம்.

டீக்கடையில் நின்றிருந்த நான் ஓடிப் போய்த் தூக்கி உட்காரவைத்தேன். சோடாவை முகத்தில் தெளித்தேன். கண்ணைத் திறந்து முதலில் சொன்னது:

"மீனை எடுய்யா... நாய் வருது பாரு."

எடுத்துக் கூடையில் போட்டேன். "இன்னா பிலோமி, சாப்பிடலையா?"

"அதெல்லாம் சாப்பிட்டேன். ரத்தம் இல்லியாம். ஆஸ்பத்திரில டாக்டரம்மா கண்ணுக்குக் கீய இயுத்துப் பாத்துட்டு, டானிக் குடின்னாங்க."

"குடிக்கிறியா?"

"வாங்கிக்கினேதான் கீறோம். எங்க வூட்டுக்காரு டி.நகர் போயி வாங்கியாறாரு. பெரிய பாட்லு."

எனக்கு இங்கேதான் உறுத்தியது. அவள் வீட்டுக்காரன் அந்தோணி, வலை இழுக்கிறவன். பட்டினப்பாக்கத்திலிருந்து கிளம்பினால் சாந்தோம், மயிலாப்பூர், லஸ்... வழி நெடுக மெடிக்கல் ஷாப். அத்தனையையும் தாண்டி டி.நகர் பாண்டி பஜார் வரை ஒரு மனிதன் ஏன் போகவேண்டும்? பெண்டாட்டி மேல் அவ்வளவு பாசமா?

பாசத்தை நான் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய் பாட்டிலை வாங்கிக்கொண்டேன். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. தங்க நிற லேபிள். புஜத்தை மடக்கிக் காட்டும் ஒரு பயில்வான். கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ். நான் கற்ற இங்கிலீஷ் லாரியின் பின்பக்கத்திலும் சினிமா போஸ்டரிலும் கற்றது. பெரிய எழுத்து என்றால் சமாளிப்பேன். எறும்புகளோடு எனக்குப் பழக்கமில்லை.

ஆனால் பாட்டில்களோடு உண்டு. சேலம் பக்கம் ஒரு லேகியக்காரரிடம் கொஞ்ச நாள் பாட்டில் கழுவிக் கொடுத்திருக்கிறேன். வெல்லப்பாகில் கலர் கரைத்தால் என்ன நிறம் வரும், எவ்வளவு ஒட்டும் என்பதெல்லாம் தெரியும். எனவே முடிவு கட்டிவிட்டேன் — இது போலி. இல்லாவிட்டால் இவ்வளவு வாங்கியும் அவள் ஏன் விழுகிறாள்?

மறுநாள் லஸ்ஸில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். கல்லாவுக்கு மேல் சட்டம் போட்டு மாட்டிய பார்மஸிஸ்ட் சர்டிபிகேட். அதில் வரதராஜன் என்று ஒரு பெயர். சர்டிபிகேட் ஒருவருடையதாகவும் மருந்து எடுத்துக் கொடுப்பவர் வேறொருவராகவும் இருக்கிற கடைகளைப் பார்த்திருக்கிறேன். கவுண்ட்டரில் மூக்குக் கண்ணாடியோடு ஒருவர், நாற்பது வயது இருக்கும்.

"உங்க பேர் என்ன ஸார்?"

"ஏன், கல்யாணப் பத்திரிகை வைக்கப் போறேளா? வரதராஜன்."

சரி, அந்த மட்டில் பரவாயில்லை. பாட்டிலை வைத்தேன். "இது அசலா, போலியா?"

அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் தாடியை, அழுக்கு ஜிப்பாவை.

"இன்னொண்ணு வேணுமா? எங்கிட்ட கிடைக்காது."

"வேண்டாம். இது எனக்கில்லை."

"எல்லாரும் அப்படித்தான் ஸார் சொல்றா. கடையெல்லாம் மூடினாலும் மூடினா, ஊர்ல இத்தனை பேருக்கு பலஹீனம் வந்துடுத்து. சாயங்காலம் ஆறு மணிக்குமேல வரிசையா வரா. மாமியாருக்கு டானிக், அத்தைக்கு டானிக்..."

சாராயக் கடைகளைத் திரும்பவும் மூடிவிட்டார்கள் அல்லவா, அதைச் சொல்கிறார். எனக்குக் கோபம். நான் அவரைச் சந்தேகப்பட்டு வந்தால், அவர் என்னைச் சந்தேகப்படுகிறாரே! மீன்காரி விழுந்த கதையைச் சொன்னேன். அப்புறம்தான் மனிதர் மூடியைத் திறந்து முகர்ந்தார். லேபிளில் எறும்பு வரிசையின் மேல் விரலை வைத்தார்.

"அசல்தான். ஆனா இதுல என்ன இருக்கு தெரியுமா? கொஞ்சம் விட்டமின். கொஞ்சம் சர்க்கரை. இரும்புச்சத்து பேருக்குத்தான். பாக்கியில நிறையவே ஸ்பிரிட். போட்டே இருக்கான், யார் படிக்கறா? பாட்டில் பெரிசா இருந்தா பலமும் பெரிசுன்னு நினைச்சுக்கறா."

"அப்போ ரத்தம் ஊறாதா?"

"டானிக்னு ஒரே மருந்து கிடையாது ஸார். எது குறையறதோ அதைத்தான் குடுக்கணும். ரத்தம் கம்மின்னா அனேகமா இரும்புச்சத்து." பாட்டிலைத் தூக்கி அடியில் மீந்திருந்ததைப் பார்த்தார். "அது சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கறா? எத்தனை நாள்ல பாட்டில் தீர்றது?"

எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஸ்பூன்ல குடிச்சா அவ்வளவு சீக்கிரம் தீராது. அவாத்துல ஆம்பளை யாராவது இருக்காளா?"

பாண்டி பஜார் இப்போது எனக்குப் புரிந்தது. இந்த மாதிரி கேள்வி கேட்காத கடையைத் தேடித்தான் அந்தோணி அவ்வளவு தூரம் போயிருக்கிறான். பெண்டாட்டியின் ரத்தத்தை உறிஞ்சுகிற பயல்! நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கிளம்பினேன்.

"இருங்கோ" என்றார் வரதராஜன். கண்ணாடி அலமாரியில் பளபளக்கிற பாட்டில்கள் அத்தனை இருக்க, கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். சாதாரண இரும்பு மாத்திரை. விலை கம்மி.

எனக்கு மறுபடி சந்தேகம். லாபம் வேண்டாம் என்று ஒரு வியாபாரி சொன்னால், நம்பலாமா? விற்காமல் கிடந்த பழைய சரக்கை என் தலையில் கட்டுகிறாரா? டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"தேதி அடியில இருக்கு" என்றார், கேட்காமலே. "சாப்பாட்டுக்கப்புறம் போட்டுக்கச் சொல்லுங்கோ. டீ, காபியோட கூடவே கூடாது, சத்து உடம்புல ஒட்டாது. எலுமிச்சம்பழம் பிழிஞ்ச தண்ணி நல்லது. வெளிக்குக் கறுப்பாப் போகும், பயந்துண்டு நிறுத்திடப் போறா. குழந்தைகள் கைக்கு எட்டாம வைக்கணும். மிட்டாய்னு நினைச்சு வாயில போட்டுண்டா உசிருக்கே ஆபத்து. முக்கியமா, திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தத்தைப் பாக்கச் சொல்லுங்கோ. ஏன் குறையறதுன்னு தெரியாம நான் கொடுத்துண்டே இருக்க முடியாது."

டப்பாவோடு நேரே பட்டினப்பாக்கம். அந்தோணி கடலுக்குப் போயிருந்தான். பிலோமினா வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். பக்குவமாகத்தான் ஆரம்பித்தேன்.

"பிலோமி, உன் டானிக்கை உன் புருஷன் திருடிக் குடிக்கிறான்."

அவள் கத்தி தீட்டுவதை நிறுத்தவில்லை.

"திருடிக்கினா? நான்தான ஊத்திக் குடுக்கிறேன்."

கொண்டுவந்த டப்பாவோடு அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா எயுத்துக்காரரே, இப்படி முயிக்கிற? அது குடிக்காம இருக்காது. கடைய மூடிட்டாங்க. மணல்ல, படகுக்குப் பின்னால ஒருத்தன் காய்ச்சி விக்கிறான். அத்த குடிச்சிட்டுத்தான் பக்கத்து சந்து தேவராசுக்குக் கண்ணு போச்சு. இப்ப பொண்டாட்டி கையப் புடிச்சிக்கினு கக்கூசுக்குப் போறான். என் புருசனும் அந்தமாரி ஆவணுமா? டாக்டரம்மா டானிக்னு சொன்னதும், இத்த வாங்கியாறேன்னு அதுதான் சொல்லிச்சு. ஊத்திக் குடுத்தா வூட்லயே கெடக்குது."

"நீ?"

"நான் ஒரு தபா குடிச்சேன். கஸ்மாலம், தல சுத்திச்சு."

"இப்பவும்தான் சுத்துது. நேத்து லஸ்ல விழுந்தே. நாளைக்கு பஸ் நிக்காது."

"அதுக்கின்னா பண்ண சொல்ற? ரெண்டு பேருக்குமா சேத்து ஒரு பாட்லுதான் வாங்க முடியும்."

இதுதான் கணக்கு. அவள் ரத்தமா, அவன் கண்ணா? டாக்டர் சீட்டில் அவள் பெயர், பாட்டில் அவனுக்கு. புஜம் காட்டுகிற பயில்வானை வரைந்தவனுக்கு இப்படி ஒரு வீடு இருப்பது தெரியுமா?

நான் எத்தனையோ வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன், எத்தனையோ வீடுகளின் பின்கட்டில் படுத்திருக்கிறேன். பார்த்தவரை சொல்கிறேன். பொம்பளைக்கென்று வீட்டுக்குள் வருகிற எதுவும் பொம்பளையிடம் போய்ச் சேர்வதில்லை. பாலானாலும் முட்டையானாலும் டானிக்கானாலும் நடுவில் யாராவது கையை நீட்டுகிறார்கள். யாரும் பிடுங்குவதில்லை. அவளே கொடுத்துவிடுகிறாள். இந்தப் பத்தியைப் படிக்கும் அம்மணிகளே, உங்கள் அலமாரியில் ரேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் இருக்கிறதே... கடைசியாக அதிலிருந்து நீங்கள் எப்போது குடித்தீர்கள்?

வரதராஜனிடம் திரும்பிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் குடியை நிறுத்த ஏதாவது கொடுப்பார் என்று நினைத்தேன்.

"அதுக்கு என் கடையில ஒண்ணும் இல்லையே, ஸார்" என்றார். "ஆனா மாத்திரையில ஒரு சௌகரியம். ஆம்பளை எவனும் அதைப் பங்கு கேக்க மாட்டான்."

அப்போதுதான் உறைத்தது. விலை கம்மி என்று மட்டும் அவர் அந்த டப்பாவை எடுக்கவில்லை. அதில் குடிக்க ஒன்றும் கிடையாது.

பிலோமினா மாத்திரை போட ஆரம்பித்தாள். சும்மா இல்லை, நான் சண்டை போட்ட பிறகு. ஆஸ்பத்திரிக்கும் மறுபடி போனாள். வயிற்றில் பூச்சி என்று அதற்கும் மருந்து கொடுத்தார்கள். டீயை மட்டும் விடமாட்டேன் என்றாள். "மாத்திரையா டீயா கேட்டா, டீதான்." கடைசியில் ராஜி ஆனது. டீ காலையில், மாத்திரை மத்தியானச் சோற்றுக்கு அப்புறம். கறுப்பாகப் போனதும் எவளோ செய்வினை வைத்துவிட்டாள் என்று என்னிடம் ஓடிவந்தாள். வரதராஜன் முன்னாலேயே சொல்லியிருந்ததால் தப்பித்தேன்.

இரண்டு செலவு கட்டவில்லை. பாண்டி பஜார் பாட்டில் நின்றுபோனது. அவள் பயந்தது அப்படியே நடந்தது. அந்தோணி மணலுக்குப் போக ஆரம்பித்தான். முதலில் என்னை அனுப்பி அழைத்துவரச் சொல்வாள். "பத்து நிமிசம் வாத்யாரே" என்பான். பத்து நிமிஷமாவது, ஒரு மணியாவது. நான் திரும்பி வந்துவிடுவேன். பிலோமினாவால் அந்த மணலில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள்.

நான் செய்தது நல்லதுதானா? அந்த நாட்களில் என் மேலேயே எனக்குச் சந்தேகம். ஒரு வீட்டில் அவர்களாக ஏதோ ஒரு முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். அதை நான் போய்ப் பிடுங்கிவிட்டேனோ?

போன வாரம் வெயில் தாழ்ந்த நேரம் கடற்கரைப் பக்கம் போனேன். படகுகளுக்குப் பின்னால் ஒரே சத்தம். பிலோமினா வந்துகொண்டிருந்தாள். கடல் மணலில், விடுவிடுவென்று. பிடித்த பிடியில் அந்தோணியின் மணிக்கட்டு. அவன் பின்னால் தள்ளாடி ஓடிவந்தான். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இன்னாடா அந்தோணி, இன்னிக்குப் பெரிய மீனு உன்ன புடிச்சிடுச்சா?"

அவள் நிற்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. முகத்தில் அந்தப் பழைய சுண்ணாம்பு வெளுப்பு இல்லை. என்னைப் பார்த்தாள். "டெய்லி வருவேன், எயுத்துக்காரரே. காய்ச்சறவன் கையிலயும் சொல்லிட்டேன். அடுத்த தபா பானைய ஒடைப்பேன்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். நாலு நாளாக இப்படித்தான் நடக்கிறதாம்.

இது எத்தனை நாளைக்கு? தெரியாது. அந்தோணி திருந்திவிட்டான் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது. நானும் நம்பவில்லை. ஆனால் அவள் நடையை நம்புகிறேன். கண்ணால் பார்த்தேன்.

நேற்று அந்தோணி என் ரூமுக்கு வந்தான். குடித்திருக்கவில்லை. வாசலிலேயே நின்று, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, பின்னால் அவள் வருகிறாளா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான்:

"வாத்யாரே... அந்த மாத்திர எப்ப முடியுமாம்?"