காலி நாற்காலியைப் பார்த்துச் சிரி

“எடிட் பண்ணாத முழுப் பதிவு எனக்கு வேணும்.”

இந்த ஒன்றை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்கக்கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். கேட்டேன். அதுவும் கன்னம் வீங்கி, உதடு கிழிந்து, ஒரு பிடி முடி பிய்ந்து நின்றுகொண்டு கேட்டேன்.

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் வந்து என் இடது காதில் ரகசியம் சொல்லிப் பாருங்கள். கேட்காது. செவிப்பறை கிழிந்திருக்கிறது. ஓங்கி அறைந்தால்தான் இப்படிக் கிழியும் என்றார் டாக்டர். யார் அறைந்தது என்று கேட்டார். யாருமில்லை என்றேன். உன் புருஷனைக் கூப்பிடு, நான் பேசுகிறேன் என்றார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

நான் தொலைக்காட்சியில் சினிமாச் செய்தி சொல்கிறவள். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள். அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறார். அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைக்கிறாள். இரண்டு வருடம் தியேட்டர் வாசலிலும் நடிகர் வீட்டு கேட்டிலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பவுன்சர்களின் முழங்கைக்கு என் விலா நன்றாகப் பழக்கம். ஒருமுறை ஒருத்தன் என் மைக்காலேயே என் வாயில் குத்தினான். அந்தக் காட்சியை வெட்டிவிட்டு, ‘ரசிகர்களின் அன்பு மழையில் நனைந்தார் நாயகன்’ என்று எழுதி என்னையே வாசிக்க வைத்தார்கள். வாசித்தேன். வீங்கின உதட்டோடு.

எழுதிக் கொடுத்தவர் சித்தப்பா. நிகழ்ச்சித் தயாரிப்பாளர். எனக்கு எந்த முறையிலும் சித்தப்பா இல்லை. சேனலில் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் சித்தப்பாதான். முழுப் பதிவைக் கேட்காதே என்று சொன்னதும் அவரே. ஓட்டலில் சாப்பிடப் போனால் அடுப்படியையா எட்டிப் பார்ப்பாய் என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு வாய்ப்பு வந்தது. ஸ்டுடியோவுக்குள், குளிர் அறையில், நட்சத்திரங்களை உட்காரவைத்துப் பேட்டி எடுக்கும் நிகழ்ச்சி. ஒரு தடவை எடு. நன்றாக வந்தால் அந்த நாற்காலி உனக்கே என்றார் சித்தப்பா. அப்பா லாரி ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்.

முதல் விருந்தாளி யார் என்று கேட்டேன். ஒரு பெரிய நடிகன். பெயர் எழுத மாட்டேன். நான்கு வருடம் கழித்து எங்கள் சேனலுக்கு வருகிறான். கடைசியாக அவனைப் பேட்டி எடுத்தவள் மஞ்சக்கிளி. எப்போதும் மஞ்சள்தான் உடுத்துவாள், அதனால் அந்தப் பெயர். அந்தப் பேட்டியில் அவன் செத்துப்போன தன் அம்மாவைப் பற்றிப் பேசுவான். எதிரே மஞ்சக்கிளியின் கண்ணிலிருந்து கரகரவென்று நீர் வழியும். அதைப் பார்க்காத வீடு கிடையாது. நானும் அம்மாவும் பார்த்து மூக்கைச் சிந்தினோம். தொகுப்பாளர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அன்று நினைத்தேன்.

அந்தப் பேட்டி எடுத்த மறுநாள் காலை மஞ்சக்கிளி இறந்துபோனாள். குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடி என்றார்கள்.

இங்கே ஒரு தொழில் சங்கதி சொல்ல வேண்டும். பெரிய ஆள் வந்தால் கேமராக்கள் எல்லாம் அவன் முகத்திலேயே இருக்கும். அவன் போன பிறகு, காலி நாற்காலியைப் பார்த்து நாங்கள் தலையாட்ட வேண்டும். சிரிக்க வேண்டும். ஆச்சரியப்பட வேண்டும். அதை வெட்டி நடுநடுவே ஒட்டுவார்கள். அவன் பேச்சுக்கு நாங்கள் அப்போதே உருகின மாதிரி தெரியும். எங்கள் ஆட்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘பூம்பூம் ஷாட்’. மாடு தலையாட்டுகிற மாதிரி ஆட்ட வேண்டும். எப்போது ஆட்ட வேண்டும் என்று காதில் சொருகிய குமிழ் வழியாக மேலே கண்ட்ரோல் ரூமிலிருந்து சித்தப்பா சொல்வார்.

பேட்டி நன்றாகவே போனது. நடிகன் கிளம்பினான். வழியனுப்ப சித்தப்பா கூடவே ஓடினார். கேமராக்காரர் ஒரு கேமராவை என் முகத்துக்கு நிறுத்தி, ஓடவிட்டு, “அஞ்சு நிமிஷம் ஆட்டிக்கிட்டு இரும்மா, ஒரு தம் போட்டுட்டு வந்துடுறேன்” என்று போனார். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

மதியம் 1:20. பேய்க்கு ராத்திரி வேண்டும் என்று யார் சொன்னது? ஸ்டுடியோவுக்கு ஜன்னலே கிடையாது. என் மேல் ஒரு விளக்கு. சுற்றிலும் கறுப்புத் துணி.

எதிரே காலி நாற்காலி.

முதலில் கவனித்தது அதன் மெத்தையைத்தான். ஆள் எழுந்தால் அது மெல்ல உப்பிக்கொள்ள வேண்டும். உப்பவில்லை. குழிந்தே இருந்தது. யாரோ இன்னும் உட்கார்ந்திருக்கிற மாதிரி...

அந்த நடிகனின் சென்ட் வாசனை. போய் இவ்வளவு நேரம் ஆகிறது. குறையவில்லை. கூடிக்கொண்டே வந்தது.

டிக். காதுக் குமிழ் உயிர் பெற்றது.

“சிரிம்மா.” சித்தப்பாவின் குரல். சிரித்தேன்.

“தலையாட்டு.” ஆட்டினேன்.

“இன்னும் கொஞ்சம் சிரி. சமாளி.”

எதைச் சமாளிக்க வேண்டும்? கேட்டேன். இரைச்சல் மட்டும். ஸ்ஸ்ஸ்...

பக்கத்தில் ஒரு மானிட்டர் உண்டு. கேமரா எடுப்பது அதில் தெரியும். நீலச் சட்டையில் நான் தெரிய வேண்டும். திரும்பிப் பார்த்தேன்.

மஞ்சள்.

கண்ணைக் கசக்கினேன். மஞ்சள்தான். திரையின் ஓரத்தில் ஓர் ஆணின் முதுகு. எழுந்து நின்றது.

நேரே பார்த்தேன். நாற்காலியில் யாரும் இல்லை. மெத்தை மட்டும்... மெல்ல உப்பியது.

“சமாளி. கேமரா ஓடுது.”

பளார்.

இடது கன்னம். காதுக்குள் ஏதோ டப்பென்று உடைந்தது. குமிழ் தெறித்துத் தரையில் விழுந்தது.

பளார். வலது.

கத்த வாயைத் திறந்தேன். முடியைப் பிடித்துவிட்டது. கொத்தாக. இழுத்து, நாற்காலிக் கைப்பிடியில் என் நெற்றியை மோதியது. மடார். இன்னொரு தடவை. மடார்.

அடிவயிற்றில் ஒரு முட்டி.

மூச்சு நின்றது.

குமிழ் தரையில் கிடந்தது. என் கண்ணால் பார்த்தேன். ஆனால் குரல் காதுக்குள்தான் கேட்டது. உடைந்த காதுக்குள்.

“சிரி.”

ஒரு கை என் வாயைப் பொத்தியது. சூடான கை. வியர்த்த கை. கண்ணுக்குத் தெரியாத கை.

எனக்குப் பயம் வந்தது. பயத்தைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

கடித்தேன்.

பல் இறங்கியது. சதை. உப்பு. விடவில்லை. தலையை நாய் மாதிரி உதறினேன்.

யாரோ அலறினார்கள்.

நான் இல்லை.

விழித்தபோது தரையில் கிடந்தேன். கேமராக்காரர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. சாப்பிடாமல் மயங்கி விழுந்துவிட்டாய் என்றார்கள். விழுகிறவள் தன் முடியைத் தானே பிய்த்துக்கொள்வாளா? கேட்டேன். ஆளாளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள்.

சித்தப்பா மூச்சிரைக்க வந்தார். முகம் வெளுத்திருந்தது. மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

“நான் கீழ கார் பக்கத்துல இருந்தேம்மா. கண்ட்ரோல் ரூமே பூட்டிதான் கெடக்கு. சாவி இதோ.”

சாவியைத் தூக்கிக் காட்டினார்.

அப்போதுதான் கேட்டேன். முழுப் பதிவை. அவர் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். நான் நேரே எடிட் அறைக்குப் போனேன்.

அங்கே இருப்பவள் எடிட்டர் அக்கா. பதினைந்து வருடமாக அந்த இருட்டு அறையில் மற்றவர்கள் சிரிப்பை வெட்டி ஒட்டுகிறவள். என் முகத்தைப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை. ஸ்டுடியோ கேமரா ஓடினால் அவள் திரையிலும் தெரியும். பார்த்திருக்கிறாள்.

“எந்தப் பதிவு வேணும்? இன்னிக்கு எடுத்ததா, அன்னிக்கு எடுத்ததா?”

இரண்டும் என்றேன்.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்துத் திரையில் ஓடவிட்டாள். இந்தப் பக்கம் நான், நீலச் சட்டை, எதிரே யாரும் இல்லை. அந்தப் பக்கம் மஞ்சக்கிளி, நான்கு வருடத்துக்கு முன்னால், அதே நாற்காலி, அதே பூம்பூம் ஷாட். போன நடிகன் திரும்பி வருகிறான். உட்காருகிறான்.

“அந்தக் கேள்விய என்கிட்ட கேக்கச் சொன்னது யாரு?” என்கிறான்.

எந்தக் கேள்வி என்று அக்கா சொன்னாள். அவன் படத்தில் ஆடிய ஒரு பெண்ணின் கையை உடைத்தது பற்றி மஞ்சக்கிளி கேட்டிருக்கிறாள். அது ஒளிபரப்பில் வரவேயில்லை.

பளார். அவள் தலை திரும்பியது. என் தலையும் திரும்பியது. ஒரே நொடி. ஒரே பக்கம். வலது அறை. முடி. கைப்பிடி. மடார். மடார். முட்டி. அவளுக்கு விழுந்த ஒவ்வொன்றும் எனக்கும் விழுந்திருந்தது. அவன் கை அவள் வாயைப் பொத்தியது. அவள் கேமராவைப் பார்த்தாள். கேமராவை இல்லை. கேமராவுக்கு மேலே, கண்ட்ரோல் ரூமைப் பார்த்தாள்.

அவள் காதுக் குமிழில் சித்தப்பா சொன்னதும் பதிவாகியிருந்தது.

“இங்க பாக்காத. சிரி. சமாளி, கேமரா ஓடுது.”

அவள் கடிக்கவில்லை. அவன் சட்டையைச் சரிசெய்துகொண்டு போனான். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உதடு பிரிந்தது. முன்பல்லுக்குப் பக்கத்தில் ஒரு தெத்துப்பல். கண்ணிலிருந்து கரகரவென்று நீர்.

“இந்த அழுகை நல்லாருக்கு. அப்படியே வெச்சுக்கோ.”

அந்த அழுகைதான். நானும் அம்மாவும் மூக்கைச் சிந்தினது இதற்குத்தான். ஊர் உலகமே அழுதது இதற்குத்தான்.

எனக்கு அக்காவை அடிக்க வேண்டும்போல இருந்தது. ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

“அழிச்சா நானும் கூட்டு. வெச்சிருந்தா வெறும் பயந்தாங்கொள்ளி. அதான் வெச்சிருந்தேன்.”

இரண்டையும் நகல் போட்டுக் கொடுக்கச் சொன்னேன். மறுபேச்சு இல்லாமல் போட்டாள். மஞ்சக்கிளியின் அம்மா வீடு எங்கே என்று கேட்டேன். சொன்னாள். அப்பாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். பேயைப் பற்றிச் சொன்னபோது ம் என்றார். மஞ்சக்கிளியைப் பற்றிச் சொன்னபோது வண்டியின் சத்தம் நின்றது. எந்த கேட்டுக்கு வரணும் என்று மட்டும் கேட்டார்.

காத்திருந்தபோது சித்தப்பா உள்ளே வந்தார். கதவை ஒட்டி நின்றார்.

“வாயத் தொறம்மா.”

என்ன?

“பல்லக் காட்டு.”

காட்டினேன். அவர் போனை என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். அதில் ஒரு படம். நடிகனின் உள்ளங்கை. கார் கிளம்பும்போது, கண்ணாடியை இறக்கி இவரிடம் பேசிக்கொண்டிருந்தபோதே, அந்தக் கை அவன் மடியில் கிடந்தபடியே கிழிந்ததாம். எலும்பு தெரிகிற அளவுக்கு. யாரோ தலையை உதறுகிற மாதிரி கை இப்படியும் அப்படியும் ஆடியதாம். இவர் கண் முன்னால்.

சதையில் பல் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது.

என் பல் நேர் வரிசை. அந்தத் தடத்தில், முன்பல்லுக்குப் பக்கத்தில், ஒரு பல் தள்ளி இருந்தது.

அக்கா எட்டிப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. டாக்டரிடமும் இல்லை. உங்களிடம் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பாவுக்கு மட்டும் வாய் அடங்கவில்லை. வெளியே தெரிந்தால் சேனலே போய்விடும் என்றார். நடிகனுக்குப் படப்பிடிப்பில் அடிபட்டதாகச் செய்தி தயாராகிறது, சாயங்காலம் லைவில் நீதான் வாசிக்க வேண்டும் என்றார். வாசித்தால் இன்றிலிருந்து நாற்காலி உனக்கு. எழுதியே தருகிறேன் என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“ஒரு பட்டம் வாங்கிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா? உங்கப்பா முகத்துல எப்படி முழிப்பே?”

“அவரு கீழ வண்டியோட நிக்கிறாரு, சித்தப்பா. அந்தப் பொண்ணோட அம்மா வீட்டுக்குப் போறோம். அங்கேருந்து அவங்களயும் ஏத்திக்கிட்டு போலீஸ் ஸ்டேஷன்.”

அவர் வழியை விடவில்லை. தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் உள்ளே நின்றே பேசிக்கொண்டிருந்தார். கண்ணு என்றார், மகளே என்றார், அப்புறம் வேறு வார்த்தை சொன்னார். எடிட் அறைக் கதவு தானாக மூடிக்கொள்ளும் ரகம். பாதிப் பேச்சில் மூடிக்கொண்டது.

நான் படியிறங்கினேன்.