சுறாவுக்கு வைத்த பொட்டு

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் தவசியிடம் மூன்று நிமிஷம் லேட்டாக வந்த டிரைவர்கூடக் கெஞ்சித் தப்பித்துவிடலாம். மூலை மடங்கிய காமிக்ஸ் புத்தகம் தப்பிக்கவே முடியாது. பழைய தமிழ் காமிக்ஸ் சேர்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மார்க் போடுகிறவர் அவர்தான். பத்துக்கு எத்தனை என்று அவர் சொல்லிவிட்டால் அப்பீல் கிடையாது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் ஒன்று போச்சு. முதுகு மடிந்திருந்தால் ஒன்றரை. உள்ளே எவனாவது கதாநாயகனுக்குப் பேனாவால் மீசை வரைந்திருந்தால் மூன்று. செருப்புக்கடை சிக்கந்தர் உயிராக வைத்திருந்த ஒரு புத்தகத்தில் இருபது பக்கத்திலும் மீசை. பச்சாதாபமே இல்லாமல் இரண்டு மார்க் போட்டார். சிக்கந்தர் ஆறு மாதம் அவரிடம் பேசவில்லை.

இந்த மனுஷனுக்கும் ஒரு தீராத குறை இருந்தது. பன்னிரண்டு வயதில் 'முதலைப் பள்ளம்' முதல் பாகம் படித்தார். கடைசிப் பக்கத்தில் துப்பறிகிறவன் நைந்துபோன கயிற்றில் தொங்குகிறான். கீழே ஏழு முதலைகள். இரண்டாம் பாகம் அவர் கைக்கு வரவே இல்லை. ஆக, அந்த ஆள் முப்பத்தைந்து வருஷமாகத் தொங்கிக்கொண்டே இருந்தான். யாராவது முடிவைச் சொல்ல வாயெடுத்தால் தவசி காதைப் பொத்திக்கொள்வார். செல்போனில் படமெடுத்து அனுப்பவா என்று கேட்டால் சண்டைக்கு வருவார். படித்தால் காகிதத்தில்தான் படிப்பாராம். அப்படி ஒரு பிடிவாதம்.

கடைசியில் அந்த இரண்டாம் பாகம் யாரிடம் கிடைத்தது? சிக்கந்தரிடம்.

"ஒங்க 'சுறாக் கோட்டை'யக் குடுத்துட்டு எடுத்துக்கங்கண்ணே. ஆனா ஒம்பதுக்குக் கொறஞ்சா மாத்த மாட்டேன்" என்றார் சிக்கந்தர்.

"மார்க் யாரு போடுறது பாய்?"

"நீங்கதான். வேற யாரு போட்டா நான் நம்புவேன்?"

விஜயதசமி காலையில் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. 'சுறாக் கோட்டை' சந்தேகமே இல்லாமல் ஒன்பதரை. பிளாஸ்டிக் உறைக்குள், பீரோவுக்குள், வெளிச்சம் படாமல் வளர்ந்த புத்தகம் அது.

முந்தின நாள் ஆயுத பூஜை. பஸ்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, தன் மேசைக்கும் தானே ஒன்று வைத்துவிட்டுத் தவசி சாயங்காலம் வீடு திரும்பினார். சாமி படத்துக்கு முன்னால் மகள் ஆர்த்திகாவின் காலேஜ் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. உச்சியில், உறை கழற்றிய 'சுறாக் கோட்டை'. அட்டைப்படத்துச் சுறாவின் நெற்றியில் கெட்டிச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"முனீஸ்வரி!"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது. மனைவி முனீஸ்வரி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"இம்புட்டு வருசமா பொம்மப் பொஸ்தகம்னு ஏசிட்டேன்ல. நாளைக்கு நல்லபடியா மாத்தணும்னுதான் சாமிகிட்ட வச்சேன். கவரோட வச்சா சாமிக்கு எப்படித் தெரியும்? அதான் கழட்டிட்டேன்."

கோபத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு அதை எங்கே இறக்குவதென்று தெரியவில்லை. இந்த வீட்டில் தன் புத்தகங்களுக்கு ஒரு மரியாதை கிடைக்காதா என்று ஏங்கியவர்தான் அவர். கிடைத்த மரியாதை அஞ்சரை மார்க்கைத் தின்றுவிட்டது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சட்டையைக் கழற்றினார்.

"பஞ்ச வச்சு லேசாத் தொடச்சிட்டா தெரியாதுப்பா" என்றாள் ஆர்த்திகா.

"தொடச்சா அது மராமத்து. மராமத்தச் சொல்லாம விட்டா களவாணித்தனம்."

"அப்பச் சொல்லிருங்க."

"சொன்னா, அந்தப் பய இன்னும் எம்புட்டு வருசம் தொங்கணுமோ!"

மறுநாள் சிக்கந்தர் வந்து உட்கார்ந்தார். தவசி கையைக் கழுவித் துடைத்து, கண்ணாடியை மாட்டி, யாரோ ஒருத்தர் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "முதுகு நேரு. பின்ல துரு இல்ல. மூல நாலும் சுத்தம். அட்டையில சந்தனம், குங்குமம். ஈரம் எறங்கித் தாளு உப்பிருக்கு." கண்ணாடியைக் கழற்றினார். "நாலு."

இந்த ஒரு நாளுக்காகக் காத்திருந்தவர் சிக்கந்தர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தவசியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"பேச்சுன்னா பேச்சுதாண்ணே. மாத்த முடியாது. ஆனா இங்கனயே உக்காந்து படிச்சிட்டுக் குடுங்க."

தவசி இரண்டாம் பாகத்தைத் திறந்தார். முனீஸ்வரி சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "படையல் இல்ல பாய், ஒங்களுக்குன்னு தனியாப் போட்டது."

ஏழாம் பக்கத்தில் கயிறு ஒற்றைப் புரியாகிவிட்டது. தவசியின் கை தன்னால் தட்டுக்குப் போனது. தட்டிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து பக்கத்துக்கு. சிக்கந்தர் அதைப் பார்த்தார். தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"பொழச்சுட்டான்!" என்று தவசி கத்தியபோது அவர் கண்ணில் தண்ணீர். அதைத் துடைக்கக் கையைத் தூக்கினார். அப்போதுதான் விரலைப் பார்த்தார், பிறகு புத்தகத்தைப் பார்த்தார்.

"மார்க் சொல்லுங்கண்ணே" என்றார் சிக்கந்தர், டீயை உறிஞ்சியபடி.

"பதினெட்டுப் பக்கத்துல எண்ணெ. கட்டவிரல் ரேகை தெளிவா விழுந்திருக்கு." விரலை வேட்டியில் துடைத்தார். "நாலு."

"அதுவும் நாலு, இதுவும் நாலு. இப்ப மாத்திக்கலாம்ல?" சிக்கந்தர் பொட்டு வைத்த சுறாவைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் தெரு முனையைத் தாண்டும் வரை அடுப்படி வாசலில் நின்றிருந்த முனீஸ்வரி, "எப்படிப் பொழச்சான்?" என்றாள். உடனே, "சொல்லாதீக, சொல்லாதீக. குடுங்க, நானே பாத்துக்கிறேன்" என்று கடலைமாவு காயாத கையை நீட்டினாள்.

தவசி அந்தக் கையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். மூணரை என்று மனசுக்குள் போட்டுக்கொண்டு, கொடுத்தார்.