மைக்கில் சொன்ன பெயர்

முத்துலட்சுமி அக்காவை அவருடைய முன்னாள் கணவன் சுடலைமணி அடித்துக் கொன்றான். தாராவியில் எங்கள் ஊர்ச் சங்கத்து வாசல் கரும்பலகையில், 'படியில் தவறி விழுந்து காலமானார்' என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறது. அது பொய்.

செய்தி எனக்கு ஃபோனில் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அவருடைய மகள் கனகா பேசினாள். "அக்கா, அம்மாவுக்கு மூச்சு நின்னுட்டு." முந்தின நாள் சாயங்காலம் சங்கத்து வாசலில் ரத்தத்தில் கிடந்தவரை டாக்சியில் ஏற்றிக் கொண்டுபோனவள் நான்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா நைட்டி தைக்கும் பட்டறையில் துணி வெட்டினார். நான் அங்கே பட்டன் தைக்கச் சேர்ந்தபோது அவர் இடது கையால் கத்தரி பிடிப்பதைப் பார்த்து, பிறவிப் பழக்கம் என்று நினைத்தேன்.

"வலது மணிக்கட்ட அவரு குழவிக்கல்லால நசுக்கிட்டாரு பிள்ள. இடது கை சும்மாதான இருந்துச்சு, வேல குடுத்துட்டேன்" என்று சிரித்தார்.

விவாகரத்து கிடைத்தது. அவருக்கும் கனகாவுக்கும் மாதாமாதம் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று குடும்ப நீதிமன்றம் உத்தரவு போட்டது. சுடலைமணி தோல் பைப் பட்டறையை அண்ணன் பெயருக்கு மாற்றிவிட்டு, வருமானமே இல்லை என்று கையை விரித்தான். வாரண்ட் பிறந்தது. போலீஸ் ஒவ்வொரு முறையும் மராத்தியில் ஒரே வரியை எழுதித் திருப்பி அனுப்பியது: 'மிளூன் ஆலா நாஹீ.' ஆள் அகப்படவில்லையாம். அகப்படாத ஆள் ஸ்டேஷனுக்கு எதிர்க் கடையில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தான். நீயே பிடித்துக்கொண்டு வா என்று ஏட்டு அக்காவைக் கேலி செய்தார்.

ஸ்டேஷன் படியிறங்கும்போது அக்கா என்னிடம் சொன்னார்: "சாமிக்கு அகப்படுதவரு போலீசுக்கு அகப்பட மாட்டாரா?"

எங்கள் சங்கம் ஒவ்வொரு வருடமும் அம்மனுக்குக் கொடைத் திருவிழா நடத்தும். பெரிய நன்கொடை கொடுத்தவருக்குத் தலைப்பாகை கட்டி முதல் மரியாதை செய்வார்கள். தலைவர் மைக்கில் மூன்று முறை பெயர் சொல்வார். ஆள் முன்னால் வந்தே ஆக வேண்டும். பெற்ற மகளுக்குச் சோறு போடாதவன் அம்மனுக்குப் பந்தல் போடுவான் என்று அக்காவுக்குத் தெரியும். வாரண்ட் மறுபடி திரும்பினால் இன்ஸ்பெக்டர் நேரில் கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும் என்று நீதிபதி எச்சரித்த பிறகு, போன கொடைக்கு ஒரு கான்ஸ்டபிள் அக்காவோடு வந்தார்.

"நமது பெருமதிப்பிற்குரிய சுடலைமணி அண்ணாச்சி!"

அவன் முன்னே வந்தான். தலைப்பாகை கட்டினார்கள். அக்கா விரலை நீட்டினார். கான்ஸ்டபிள் அவன் தோளைப் பிடித்ததும், மரியாதைத் தட்டிலிருந்த தேங்காயை எடுத்து அவன் அக்காவின் நெற்றியில் அடித்தான். தேங்காய் உடைந்தது. நெற்றியும் உடைந்தது. மேளம் நிற்கவேயில்லை. மூக்கு வழியாக ரத்தம் இறங்க இறங்க, அக்கா கான்ஸ்டபிளிடம் இந்தியில் சொன்னார்: "நல்லா முகத்தப் பாத்துக்கோங்க சார். பொறவு அகப்படலன்னு எழுதிராதீங்க."

அவன் ஒரு மாதம் உள்ளே இருந்தான். சங்கம் கூடி அபராதம் போட்டது, அவனுக்கல்ல, அக்காவுக்கு. கொடையைக் கெடுத்தாராம்.

"பொம்பளைக்கு அடக்கம் வேணும்லா? சாமி முன்னாலயா இந்த வேல?" என்றார் தலைவர்.

"சாமி முன்னாலதான அண்ணாச்சி என் மண்டையில தேங்கா ஒடச்சாரு? நீங்க மைக்க வச்சிக்கிட்டுப் பக்கத்துலதான நின்னிய?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைச் சங்கம் மன்னிக்கவில்லை.

ஜெயிலுக்குப் போனால் பாக்கி கழிந்துவிடாது. வெளியே வந்தும் அவன் தரவில்லை. அக்கா அடுத்த வாரண்ட் வாங்கினார். அதற்குள் எங்கள் பட்டறைக்கு மற்றப் பெண்களும் ஜீவனாம்ச உத்தரவுத் தாளோடு வரத் தொடங்கியிருந்தார்கள். அக்கா முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒங்க வீட்டுக்காரரு எந்தச் சாமிக்கு நன்கொட குடுக்காரு?"

இந்த வருடக் கொடை நோட்டீஸில் அவன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அன்று சாயங்காலம் சங்கத்துக்குப் போனார். ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பி வாசலில் சாத்தியிருக்கும். அதை எடுத்து அடித்திருக்கிறான். கேள்விப்பட்டு நான் ஓடியபோது ரத்தம் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பியைக் காணவில்லை. டாக்சியில், என் மடியில் தலை வைத்தபடி அக்கா சொன்னார்: "அவருதான் பிள்ள. தலைவரு பாத்துக்கிட்டே நின்னாரு."

போலீசில் இதைச் சொன்னேன். நீ கண்ணால் பார்த்தாயா என்றார்கள். பார்த்தவர், தான் அங்கே இல்லவே இல்லை என்கிறார்.

நேற்று அக்காவைத் தகனம் செய்தோம். மாலையைச் சரிசெய்தபோது பார்த்தேன். அடியைத் தடுக்கத் தூக்கிய இடது கையும் உடைந்திருந்தது. போய் வாருங்கள் அக்கா. உங்கள் கத்தரி மேசையில் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் கனகா நேரே சங்கத்துக்குப் போனாள். உள்ளே, ஊர் முறையில் அவள் பெரியப்பா என்று கூப்பிடும் தலைவர், கொடைக்காக மைக் சோதித்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, போன கொடைக்கு எங்கப்பா பேர மூணு தடவ சொன்னியல்லா? ஸ்டேஷனுக்கு வந்து ஒரு தடவ சொல்லுங்க."

அவர் புதுக் கொக்கிக் கம்பியை மாட்டி, உள்ளேயிருந்தே ஷட்டரை இழுத்து மூடினார்.

கனகா தகரத்தைக் கையால் அடித்தாள். "ஒரே ஒரு தடவ சொல்லுங்க, பெரியப்பா."