பட்டு மாமி ஸ்கின் ஒட்டிய கதை

சோழவந்தானிலிருந்து ஆரப்பாளையம் போகிற பஸ்ஸில் பட்டு மாமி மடியில் ஒரு மஞ்சள் பையோடு உட்கார்ந்திருந்தாள். பைக்குள் அவள் கணவர் பிச்சுமணியின் குரல் இருந்தது. கதைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான். தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்ட பிறகு, பெங்களூரில் இருக்கும் மகன் கிரிதர் ஒரு டேப்லெட்டும் அதோடு மாட்டுகிற கீபோர்டும் வாங்கி அனுப்பியிருந்தான். சொல்ல வேண்டியதைத் தட்டிவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால், உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் அதை வாசிக்கும்.

பிச்சுமணி வைதீகர். கல்யாணமோ காரியமோ, மைக் கேட்காத குரல். வைகைக்கு இந்தக் கரையில் சொன்னால் அந்தக் கரையில் கேட்கும் என்று ஊரே மெச்சியது. ஊருக்கென்ன, அது முகூர்த்தத்துக்கு மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடும். மிச்ச நேரமெல்லாம் கேட்டவள் பட்டு. திருமங்கலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு வந்தவள். வேலைக்குப் போகட்டுமா என்று கல்யாணமான புதுசில் ஒரு தடவை கேட்டாள். அதற்கு வந்த பதில் தெருக்கோடி வரை கேட்டது. அதன் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. “பட்டூ” என்று அவர் கூப்பிடுகிற இழுவையை வைத்தே, உப்புக் குறைச்சலா, வேஷ்டியில் கறையா என்று கண்டுபிடித்துவிடுவாள். கூப்பிட்ட மாத்திரத்தில் வயிற்றுக்குள் ஒன்று சுருட்டிக்கொள்ளும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

குரல் போய்விடும் என்று டாக்டர் சொன்ன அன்று கிரிதர் ஆஸ்பத்திரி சுவரில் சாய்ந்துகொண்டு அழுதான். பட்டுவுக்கு அழுகை வரவில்லை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று புடவைத் தலைப்பால் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டாள். இனி வீடு அமைதியாக இருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அதற்காகச் சந்தோஷப்பட்டாளா என்றால் அதுவும் இல்லை. எதுவுமே தோன்றாமல் போய் ரொம்ப நாளாகியிருந்தது.

கிரிதரின் பார்சல் வந்ததும் வீடு அமைதியாக இருக்கும் என்ற நினைப்பில் மண் விழுந்தது.

“பட்டு. மோர் புளிக்கிறது. மூளை இருக்கா உனக்கு.” செய்தி வாசிக்கிற பெண்ணைப் போல, கொஞ்சமும் கோபமில்லாமல், திருத்தமாக அது வாசிக்கும். பக்கத்து வீட்டுக்காரி, “யாரு மாமி வந்திருக்கா, குரல் இம்புட்டு இனிமையா இருக்கே?” என்று கேட்டாள். வசவு பழைய வசவுதான். சத்தத்தையும் முழுசாக ஏற்றி வைத்திருந்தார். கூடத்திலிருந்து அடுப்படிக்குக் கேட்க வேண்டாமா?

வைதீகர் கை. விபூதி ஓயாது. டேப்லெட்டின் பளபள முதுகு விபூதிக் கையிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது. கனமான கவர் ஒன்று வாங்கிப் போட்டால் கீபோர்டின் பள்ளத்தில் உட்கார மாட்டேன் என்றது. “முதுகுல ஸ்டிக்கர் மாதிரி மெல்லிசா ஸ்கின்னு ஒண்ணு ஒட்டிடும்மா, ஆரப்பாளையத்துல பண்ணுவா,” என்று கிரிதர் போனில் சொன்னான். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் வரிசையில், லாட்ஜுக்குக் கீழே இருந்தது தங்கப்பாண்டியின் கடை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, புடவைக் கடைக்காரரைப் போல ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான். மரம் போட்டது, சலவைக்கல் போட்டது, தோல் மாதிரி, சொரசொரப்பாகக் கறுப்பில் ஒன்று.

“பளபளப்பு வேணாம் மாமி, மறுபடி வழுக்கும். இந்தக் கறுப்புல ஒட்டுவோம். கையில நல்லாப் பிடிப்பா இருக்கும்.”

“கனமா இருந்தா கீபோர்டுல உக்காராதுப்பா.”

“இது தாள் கனம்கூட இல்ல. முதுகுக்கு மட்டும் ஒட்டவா, இல்ல ஓரம் வரைக்கும் மடக்கி ஒட்டவா? முதுகுக்கு மட்டும்னா கொஞ்ச நாள்ல முனையெல்லாம் பேந்துரும். ஓரம் வரைக்கும்னா நிக்கும். சார்ஜர் ஓட்டை, பட்டன், கீபோர்டு தொடுற புள்ளி, ஸ்பீக்கர் எல்லாத்தையும் பிளேடு வச்சு வெட்டி விட்ருவேன்.”

“ஓரம் வரைக்குமே ஒட்டிடு.”

தங்கப்பாண்டி ஸ்பிரிட் போட்டு விபூதியைத் துடைத்தான். ஒட்டினான், சூடு காட்டினான், ஓரங்களை விரலால் நீவி மடக்கினான். பிளேடை எடுத்து கேமராவைத் திறந்தான், பட்டனைத் திறந்தான், கீழே புள்ளிகளைத் திறந்தான். அப்புறம் பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்த இடத்துக்கு வந்தான்.

“அதை வெட்ட வேண்டாம்,” என்றாள் பட்டு.

அவன் நிமிர்ந்தான். “ஸ்பீக்கர் மாமி இது.”

“தெரியும்.”

“சத்தம் அமுங்கிப் போயிருமே. ஐயா பேசுறதே இதுலதான்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா, நான்தான் சொன்னேன். அமுங்கட்டும்.”

 அவன் மறுபக்கத்து ஸ்பீக்கர் ஓட்டைகளையும் வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டுப் பிளேடை மடக்கினான். பட்டுவுக்கே ஆச்சரியமாக இருந்தது. திட்டம் போட்டு வந்தவள் இல்லை அவள். கோபத்தில் சொன்னாளா என்றால், கோபம்கூட வரவில்லை. கடலை எண்ணெய் வேண்டாம், நல்லெண்ணெய் கொடு என்கிற மாதிரி வாயிலிருந்து வந்துவிட்டது. திரும்பி வருகிற பஸ்ஸில், செய்தது பாவமாச்சே என்று நினைத்துப் பார்த்தாள். பாவம்தான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஊசி போட்டு மரத்துப்போன பல்லை நாக்கால் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

வீட்டில் பிச்சுமணி டேப்லெட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கையில் நன்றாக நின்றது. தலையை ஆட்டிக்கொண்டார். பட்டு அடுப்படிக்குப் போய்ப் பாலை வைத்தாள்.

கூடத்தில் ஏதோ முனகல் கேட்டது. போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி. ஒரு வார்த்தையும் புரியவில்லை. மறுபடி முனகியது. கை தட்டினார். அவள் திரும்பவில்லை. பால் பொங்க நேரமிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து வாசற்படியில் நிழல் விழுந்தது. உட்கார்ந்த இடத்துக்கே சாப்பாடும் தண்ணீரும் வரவேண்டும் என்கிற மனுஷர், அடுப்படி நிலையில் டேப்லெட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். விரல் அந்த ஓரத்தைத் தடவியது. ஓட்டை இருந்த இடம் தட்டுப்படாமல் திரும்பத் திரும்பத் தடவியது.

“நான்தான் மூடச் சொன்னேன்,” என்றாள் பட்டு. “கடைக்காரன் மேல தப்பில்லை. அவன் வேண்டாம்னுதான் சொன்னான்.”

இப்படி நேருக்கு நேராக அவரிடம் அவள் பேசியதில்லை. பேசிவிட்டு, வயிறு சுருட்டிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தாள்.

பிச்சுமணி மேடைமேல் டேப்லெட்டை வைத்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்ட ஆரம்பித்தார். ரொம்ப நேரம் தட்டினார். நெற்றி வியர்த்தது. பொத்தானை அமுக்கப் போன விரலை நிறுத்தி, அது பிரயோஜனமில்லை என்று நினைவு வந்தவராகத் திரையை அவள் பக்கம் திருப்பினார். எழுத்து என்னவோ எட்ட நின்றே படிக்கிற அளவுக்குப் பெரிசுதான். பட்டு அதைப் பார்க்கவில்லை.

“கண்ணாடி கூடத்துல டிவி பக்கத்துல இருக்கு. எடுத்துண்டு வாங்கோ, படிக்கிறேன்.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆபரேஷனில் கழுத்தில் போட்ட துவாரத்தின் வழியாக மூச்சு புஸ் புஸ்ஸென்று வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி அவர் ஒரு துரும்பை எடுத்துக் கொடுத்ததில்லை. பட்டு அடுப்பை அணைத்தாள். வயிற்றுக்குள் எதுவும் சுருட்டிக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்தாள். பயம் போன இடத்தில் வேறு ஒன்றும் வந்து உட்கார்ந்திருக்கவில்லை.

பிச்சுமணி போனார். கூடத்தில் எதையோ நகர்த்துகிற சத்தம், எதுவோ கீழே விழுகிற சத்தம். திரும்பி வந்து கண்ணாடியை நீட்டினார்.

பட்டு வாங்கிப் பார்த்தாள். தடித்த கறுப்பு ஃப்ரேம், அவருடைய பழைய கண்ணாடி. இத்தனை வருஷத்தில் அவளுடையது எதுவென்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

“இது உங்களோடது. என்னோடது செவப்பு,” என்றாள்.

அவர் மறுபடியும் போனார்.